ஓபன்ஃபோம்: காசு கேட்காது, கேள்வி கேட்கும்

சிஎஃப்டி (நீர், காற்று போன்ற பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது) செய்ய எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் ஓபன்ஃபோமைச் சொன்னால், அடுத்த வாரமே திரும்பி வந்து "என்னங்க இது, திறந்தா ஒரு ஜன்னல்கூட வரல" என்பார்கள். வராதுதான். மெனு கிடையாது, பொத்தான் கிடையாது, ஒரு டெர்மினலும் கொஞ்சம் எழுத்துக் கோப்புகளும் மட்டும். வேலைக்காக இதைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருப்பவன் எழுதும் விமர்சனம் இது, ஆனால் வசதிகளைப் பட்டியல் போடப் போவதில்லை, அதற்கு அவர்களுடைய தளமே இருக்கிறது. மற்ற மென்பொருள்கள் எண்முறைகளை, அதாவது சமன்பாடுகளை எண்களாக்கித் தீர்க்கும் வழிகளை, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வண்ணப்படத்தைக் கையில் கொடுக்கும். இதுவோ எல்லா எண்முறைகளையும் மேசைமேல் கொட்டிவிட்டு நீயே பொறுக்கிக்கொள் என்று உட்கார்ந்திருக்கும். எனக்கு இதைப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான், பாதிப் பேர் ஓடிப்போவதற்குக் காரணமும் அதுதான்.

பிறந்த இடம் லண்டன் இம்பீரியல் கல்லூரி. 1980களின் கடைசியில் ஹென்றி வெல்லரும் கூட இருந்தவர்களும் ஃபோம் என்ற பெயரில் சி++ மொழியில் எழுத ஆரம்பித்தார்கள், துறை முழுக்க ஃபோர்ட்ரான் கோலோச்சிய காலம் அது. நடுவில் கொஞ்ச காலம் காசுக்கு விற்றார்கள், 2004 டிசம்பரில் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் திறந்துவிட்டார்கள். அதே கல்லூரியிலிருந்துதான் 1972இல் பட்டாங்கரும் ஸ்பால்டிங்கும் சிம்பிள் முறையைக் கொடுத்தார்கள் (சுஹாஸ் பட்டாங்கர் புனேயில் பிறந்தவர், ஐஐடி பம்பாயில் படித்தவர்), 1986இல் இஸ்ஸா பைசோ முறையை வெளியிட்டதும் அங்கிருந்துதான். இன்றைக்கும் ஓபன்ஃபோமில் அழுத்தத்தையும் வேகத்தையும் கோத்துத் தீர்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டு முறைகளும் இரண்டையும் கலந்த பிம்பிளும்தான். வரலாறு போதும்.

ஒரு கேஸ், அதாவது ஓட்ட வேண்டிய ஒரு கணக்கு, ஒரு ஃபோல்டர். உள்ளே பூஜ்ஜியம் என்று பெயரிட்ட ஃபோல்டரில் தொடக்க நிலையும் எல்லை நிபந்தனைகளும், கான்ஸ்டன்ட் ஃபோல்டரில் மெஷ்ஷும் (இடத்தைச் சின்னச் செல்களாக வெட்டிய வலை) பாய்மத்தின் குணங்களும், சிஸ்டம் ஃபோல்டரில் ஓட்டுவதற்கான கட்டளைகளும் இருக்கும். இந்த சிஸ்டம் ஃபோல்டருக்குள் எஃப்வி ஸ்கீம்ஸ், எஃப்வி சொல்யூஷன் என்று இரண்டு சின்னக் கோப்புகள் உண்டு. மொத்த மென்பொருளின் உயிரும் அந்த இரண்டில்தான் இருக்கிறது என்பேன். முதல் கோப்பு, சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்பையும் எப்படி எண்ணாக மாற்றுவது என்று சொல்வது. இரண்டாவது, அப்படி மாற்றியதும் வந்து நிற்கும் பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதியை எப்படித் தீர்ப்பது, எப்போது போதும் என்று நிறுத்துவது என்று சொல்வது.

அடிப்படை முறை வரையறு கனஅளவு முறை, துறையில் எல்லோரும் ஃபைனைட் வால்யூம் என்றே சொல்வார்கள். இடத்தைச் சின்னச் சின்ன செல்களாக வெட்டி, ஒவ்வொரு செல்லிலும் முகங்கள் வழியாக உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கணக்கு வைப்பது. மதிப்புகளைச் சேமித்து வைப்பது செல்லின் நடுவில், ஆனால் கணக்குக்குத் தேவைப்படுவதோ முகத்தில் இருக்கும் மதிப்பு. நடுவில் இருப்பதை வைத்து முகத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டும், அந்த ஊகத்துக்குப் பெயர்தான் ஸ்கீம், சிஎஃப்டியில் பாதிச் சண்டை இந்த ஒரு ஊகத்தைப் பற்றியதுதான்.

கூடவே வரும் டுடோரியல்களில் முதலாவது கேவிட்டி. 0.1 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பெட்டி, மேல் மூடி மட்டும் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, உள்ளே பாய்மம் சுழல்கிறது. மெஷ் 20க்கு 20, அதாவது செல்லின் அகலம் 0.005 மீட்டர், நேரப்படி (கணக்கு ஒரு தடவையில் தாவும் நேரம்) 0.005 வினாடி. வேகத்தை நேரப்படியால் பெருக்கி செல் அகலத்தால் வகுத்தால் சரியாக 1 வருகிறது பாருங்கள், அதுதான் கூரன்ட் எண், ஒரு நேரப்படியில் ஓட்டம் எத்தனை செல் தாண்டுகிறது என்பது, அதற்கு வரம்பு வைப்பதுதான் 1928இல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் கொடுத்த நிபந்தனை. ஓட்டிப் பார்த்தால் திரையில் உச்சக் கூரன்ட் எண் 0.85 பக்கத்தில் நிற்கும், ஏனென்றால் மூடியை ஒட்டிய செல்லின் நடுவில் வேகம் மூடியின் வேகத்தைவிடக் குறைவு. இங்கே நேரத்தை இம்ப்ளிசிட்டாகத்தான் (அடுத்த நேரத்து மதிப்புகளையே தெரியாதவையாக வைத்துத் தீர்ப்பது) கையாள்கிறது, அதனால் 1ஐத் தாண்டியதும் உடனே வெடித்துவிடாது. ஆனாலும் பைசோ முறை, நேரப்படி சின்னது என்ற நம்பிக்கையில்தான் வேகத்தையும் அழுத்தத்தையும் பிரித்துப் பிரித்துத் தீர்க்கிறது, நீங்கள் மெஷ்ஷை இரட்டிப்பாக்கிவிட்டு நேரப்படியை அப்படியே விட்டால் அந்த நம்பிக்கையைத்தான் மெல்ல அறுக்கிறீர்கள்.

இந்த டுடோரியலில் பிசுக்குமை 0.01, ரெனால்ட்ஸ் எண் (வேகம் பெருக்கல் பெட்டியின் பக்கம் வகுத்தல் பிசுக்குமை) வெறும் 10. அங்கே எந்த ஸ்கீம் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதனால்தான் பலர் கேவிட்டியை முடித்துவிட்டு எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுந்து போகிறார்கள். பிசுக்குமையை 0.0001 ஆக்கி ரெனால்ட்ஸ் எண்ணை 1000க்குக் கொண்டுபோய் (முடிவு நேரத்தை 0.5 வினாடியிலிருந்து பத்து மடங்காவது நீட்டுங்கள், இல்லையென்றால் சுழல் நிலைக்கு வராது) ஓட்டிப் பாருங்கள், அங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க கியா, கியா, ஷின் மூவரும் 1982இல் வெளியிட்ட அட்டவணை இருக்கிறது, இன்றுவரை கேவிட்டி ஓட்டுகிற எல்லோரும் போய் நிற்கும் வாசல் அது. நடு செங்குத்துக் கோட்டில் கிடைவேகத்தின் மிகக் குறைந்த மதிப்பு, அவர்கள் கணக்கில், மூடி வேகத்தில் மைனஸ் 0.38289, அடியிலிருந்து பெட்டி உயரத்தில் 0.1719 பங்கில்.

இப்போது முதல் கோப்பில் வேகத்தின் கடத்தல் உறுப்புக்கு (ஓட்டம் தன்னோடு சுமந்து செல்வதைச் சொல்லும் உறுப்பு) லீனியர் என்று இருப்பதை அப்விண்ட் என்று மாற்றி அதே 20க்கு 20 மெஷ்ஷில் ஓட்டினால் அந்த மைனஸ் உச்சம் கண்ணெதிரே மழுங்கிப்போகும். அப்விண்ட் என்றால் ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து செல்லின் மதிப்பையே முகத்துக்கும் எடுத்துக்கொள்வது. எளியது, உறுதியானது, எளிதில் கவிழாது. ஆனால் டெய்லர் தொடராக விரித்துப் பார்த்தால் அது சமன்பாட்டுக்குள் யாரும் கேட்காத ஒரு பிசுக்குமையைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அளவு ஏறக்குறைய வேகம் பெருக்கல் செல் அகலம் வகுத்தல் 2. இந்தப் பெட்டியில் மூடி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 0.0025. நாம் கொடுத்த பிசுக்குமை 0.0001. இருபத்தைந்து மடங்கு! ஓட்டம் மெஷ் கோடுகளுக்குக் குறுக்கே சாய்ந்து வேகமாகப் போகிற இடத்தில் உங்கள் ரெனால்ட்ஸ் எண் 1000, 40 போல நடந்துகொள்ளும், ஆனால் படம் என்னவோ வழவழவென்று அழகாகத்தான் இருக்கும், ரெசிடுவலும் (சமன்பாடு தீராமல் நிற்கும் மிச்சம்) சமத்தாக இறங்கியிருக்கும்.

சரி, அப்படியானால் லீனியரிலேயே விட்டுவிடலாமே என்றால், அதுவும் சும்மா விடாது. இரு பக்கத்து செல்களையும் சேர்த்து இடைமதிப்பு எடுப்பதால் இரண்டாம் படித் துல்லியம் (செல்லைப் பாதியாக்கினால் பிழை கால்பங்காவது) கிடைக்கும், ஆனால் செல் பெக்லெட் எண் (வேகம் பெருக்கல் செல் அகலம் வகுத்தல் பிசுக்குமை) 2ஐத் தாண்டினால் அலையடிக்கத் தொடங்கலாம், நம் பெட்டியில் மூடிப் பக்கம் அது 50. கேவிட்டியில் கூர்மையான முகப்பு எதுவும் இல்லாததால் பெரும்பாலும் தப்பித்துவிடும், இதையே ஒரு வெப்பநிலைத் தாவலிலோ நீரும் காற்றும் சந்திக்கும் இடத்திலோ போட்டால் இல்லாத மேடும் பள்ளமும் வரும், செறிவு மைனஸில் போகும். ஒரு நேரியல் ஸ்கீம் அலையடிக்காமலும் இருக்க வேண்டும், முதல் படியைவிடத் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது என்று கோடுனோவ் 1959லேயே நிரூபித்துவிட்டார். வழவழப்பான இடத்தில் இரண்டாம் படி, கூர்மையான இடத்தில் அப்விண்ட் என்று தானே மாறிக்கொள்ளும் லிமிட்டர்கள் எல்லாம் அந்தத் தேற்றத்திலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த சந்துகள்தான். ஓபன்ஃபோமில் வான் லீர், லிமிடெட் லீனியர் என்று ஒரு படையே இருக்கிறது. என் பழக்கம், நிலையான ஓட்டத்தில் வேகத்துக்கு லீனியர் அப்விண்ட் (அப்விண்ட்டின் இரண்டாம் படி வடிவம்), கொந்தளிப்பு மாறிகளுக்கு லிமிடெட் லீனியர். ஓட்டம் ஆரம்பத்தில் முரண்டு பிடித்தால் கொஞ்ச நேரம் அப்விண்ட்டில் ஓட்டி நிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம் மாற்றுவேன். அப்விண்ட்டில் முடித்துவிட்டு அதையே அறிக்கையில் போடுபவர்களை எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

இந்தக் கோப்பில் எந்தெந்த ஸ்கீம் போடலாம் என்று தெரியவில்லையா, வேண்டுமென்றே பனானா என்று அடித்து ஓட்டுங்கள். மென்பொருள் நின்றுவிடும், பனானா என்று எதுவும் எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தவை இவை என்று முழுப் பட்டியலையும் திரையில் கொட்டும். வாழைப்பழ வித்தை என்று இதற்குப் பெயரே உண்டு. எல்லை நிபந்தனைக்கும் வேலை செய்யும், சமன்பாட்டைத் தீர்க்கும் சால்வருக்கும் வேலை செய்யும். சிரிக்க வேண்டாம், கையேட்டைவிட இது பல சமயம் வேகம்.

இரண்டாவது கோப்புக்கு வருவோம். அடர்த்தி மாறாத பாய்மத்தில் அழுத்தத்துக்கென்று தனியாக ஒரு சமன்பாடு கிடையாது, நிறை அழியாது என்ற நிபந்தனையிலிருந்து ஒன்றைத் தயாரித்துக்கொள்ள வேண்டும், அது பாய்சான் வகை, பெட்டியின் ஒரு மூலையில் நடப்பது மறு மூலையை உடனே பாதிக்கும். ஓடும் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது இந்த அழுத்தச் சமன்பாடுதான். கேவிட்டியில் பிசிஜி என்ற, சுற்றுச் சுற்றாக விடையை நெருங்கும் சால்வரைப் போட்டிருப்பார்கள், சின்ன மெஷ்ஷுக்கு அது போதும். செல்கள் லட்சக்கணக்கில் போனால் ஒவ்வொரு முறையும் சுற்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம், ஏனென்றால் பக்கத்து செல்களுக்கு இடையிலான பிழை சீக்கிரம் கரைந்துவிடும், பெட்டி முழுக்க நீண்டு கிடக்கும் பிழைதான் நகரவே நகராது. பல்கட்ட முறை, அதாவது மல்டிகிரிட், அந்த நீண்ட பிழையைப் பெரிய செல்கள் கொண்ட முரட்டு மெஷ்ஷுக்குக் கொண்டுபோய் அங்கே கரைக்கிறது. ஓபன்ஃபோமில் ஜிஏஎம்ஜி என்று இருப்பது அதுதான், அழுத்தத்துக்கு அதை மாற்றிப் போட்டதும் ஓட்டம் விறுவிறுவென்று போவதைப் பார்த்தால் இவ்வளவு நாள் ஏன் காத்துக்கிடந்தோம் என்று தோன்றும். இன்னொரு சின்ன வரி: அழுத்தக் குறிப்புச் செல் 0. நாலு பக்கமும் மூடிய பெட்டியில் அழுத்தத்தின் வித்தியாசம்தான் தெரியும், அடிமட்டம் தெரியாது, எங்காவது ஒரு செல்லில் ஆணியடித்து நிறுத்த வேண்டும். இதை எழுத மறந்தால் மென்பொருளே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

வேகமும் அழுத்தமும் ஒரே இடத்தில், செல் நடுவில் இருப்பதில் ஒரு பழைய வம்பு உண்டு. ஒரு செல் விட்டு ஒரு செல் ஏறி இறங்கும் சதுரங்கக் கட்டம் மாதிரியான அழுத்தப் புலத்தை வேகச் சமன்பாடு கண்டுகொள்ளவே கொள்ளாது. 1965இல் லாஸ் அலமாஸில் ஹார்லோவும் வெல்ச்சும் வேகத்தை முகத்துக்கு நகர்த்தி இதைத் தவிர்த்தார்கள், கோணல்மாணல் மெஷ்ஷில் அது பெரிய தலைவலி, 1983இல் ரீயும் சௌவும் முகத்து வேகத்துக்கு ஓர் அழுத்தத் திருத்தம் கொடுத்து எல்லாவற்றையும் நடுவிலேயே வைக்க வழி செய்தார்கள். ஓபன்ஃபோம் அந்தப் பெயரைச் சொல்லாமல் அதே வேலையைத் தன் முகப் பாய்வுக் கணக்கில் செய்துகொள்கிறது, இதை மட்டும் நம் தலையில் கட்டவில்லை, புண்ணியம்.

சிம்பிளில் ஓட்டினால் தளர்வுக் காரணிகள் (ஒவ்வொரு சுற்றிலும் வரும் மாற்றத்தில் எவ்வளவு பங்கை ஏற்பது என்பவை), அழுத்தத்துக்கு 0.3, வேகத்துக்கு 0.7 என்பது பரம்பரைச் சொத்து போல வந்துகொண்டிருக்கிறது. சிம்பிள்சி என்ற திருத்திய முறையை ஆன் செய்தால் 0.9 வரைகூடத் துணிந்து போகலாம், பிட்ஸ் டெய்லி டுடோரியலில் அப்படித்தான் இருக்கிறது, 12,225 செல்கள், முந்நூறு சுற்றுக்குள் முடிந்துவிடும். ஆனால் ரெசிடுவல் இறங்கியதை வைத்து மட்டும் விடை வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். எழுதிய சமன்பாடு தீர்ந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, எழுதியது சரியா என்பதற்கு அல்ல. உங்களுக்கு எது வேண்டுமோ, அழுத்த இழப்போ இழுவிசையோ, அதைத் தனியாக எழுதவைத்து அது நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மெஷ்ஷை நெருக்கி ஒரு தடவை பாருங்கள்.

எனக்கு மனதாரப் பிடித்த ஒன்று, பரிமாணச் சோதனை. ஒவ்வொரு புலத்தின் தலைப்பிலும் ஏழு எண்கள் இருக்கும், நிறை, நீளம், நேரம், வெப்பநிலை என்று வரிசையாக அடுக்குகள். நீங்களே ஒரு சால்வரை மாற்றி எழுதும்போது அழுத்தத்தோடு வேகத்தைக் கூட்டினால் அங்கேயே கையைப் பிடித்து நிறுத்திவிடும். நிரல் வரியே சமன்பாட்டைப் படிப்பது போல இருக்கும், நேர வகைக்கெழு, கடத்தல், பரவல் என்று ஒவ்வொன்றும் ஒரு சொல். முன்னால் எஃப்விஎம் போட்டால் தெரியாத மதிப்பாக அணிக்குள் (மேட்ரிக்ஸ்) போகும், எஃப்விசி போட்டால் தெரிந்த மதிப்பாகக் கணக்கிடப்படும். பிஎச்டி செய்கிறவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இது ஒன்றே போதும்.

இனி குறைகள், நிறையவே இருக்கின்றன. அடர்த்தி மாறாத சால்வர்களில் அழுத்தம் என்று காட்டுவது அடர்த்தியால் வகுத்த அழுத்தம், நீருக்கு 2 என்று வந்தால் 2000 பாஸ்கல் என்று நீங்கள்தான் பெருக்கிக்கொள்ள வேண்டும்; அந்த ஏழு எண்களைப் படிக்காதவர் பாடு திண்டாட்டம். ஓட்டம் கவிழ்ந்தால் ஃப்ளோட்டிங் பாயிண்ட் எக்செப்ஷன் என்று சொல்லிவிட்டு ஒரு பக்கத்துக்குப் புரியாத வரிகளைத் துப்பும், அதில் தேடாதீர்கள், அதற்கு முந்தைய இருபது முப்பது நேரப்படிகளில் கூரன்ட் எண்ணும் நிறைப் பிழையும் எங்கே ஏற ஆரம்பித்தன என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். மெஷ் போடும் ஸ்னாப்பி ஹெக்ஸ் மெஷ் தனி ஜாதி, முரட்டு வடிவங்களைச் சமாளிக்கும் திறமை உண்டு, ஆனால் சுவரை ஒட்டி மெல்லிய அடுக்குகள் போடச் சொன்னால் மூலைகளில் தன்னிஷ்டத்துக்கு விட்டுவிட்டுப் போகும். மெஷ்ஷின் தரத்தைச் சோதிக்கும் செக்மெஷ் ஓட்டாமல் சால்வரைத் தொடக் கூடாது. செங்குத்து விலகல் (இரு செல் நடுவை இணைக்கும் கோடு முகத்தின் செங்குத்திலிருந்து சாய்வது) 70 பாகையைத் தாண்டியிருந்தால் பரவல் உறுப்பின் திருத்தத்தையும் கட்டுப்படுத்த வேண்டும், அதற்கும் அதே முதல் கோப்புக்குத்தான் வர வேண்டும்.

காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்களோடு ஒப்பிட்டால், அவை மெஷ்ஷிலும் வசதியிலும் உதவி கேட்க ஆள் இருப்பதிலும் முன்னால் நிற்கின்றன, தாமாக அமைத்துக் கொடுக்கும் ஸ்கீம்களும் பெரும்பாலும் நல்லவையே. நாளைக்குள் பத்து வடிவங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும், கம்பெனி உரிமக் கட்டணம் கட்டுகிறது என்றால் அங்கேயே இருங்கள். ஆனால் பல கோர்களில் ஓட்டும்போது உரிமம் எத்தனை கோருக்கு என்ற பேச்சே இங்கே இல்லை, மெஷ்ஷை டீகம்போஸ் பார் என்ற கட்டளையால் வெட்டி நூறு கோரில் போட்டாலும் கட்டணம் அதே பூஜ்ஜியம்தான். கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதற்கு நிகர் எதுவும் எனக்குத் தெரியவில்லை. திறந்த மூல மென்பொருள்களைக் கல்விக்குக் கொண்டுவரும் ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டத்தில் இதற்கான ஸ்போக்கன் டுடோரியல்கள் இலவசமாக இருக்கின்றன, காசு வாங்கிக்கொண்டு டுடோரியல் ஃபோல்டரையே வாசித்துக் காட்டும் ஆன்லைன் வகுப்புகளுக்குப் போவதற்கு முன் அவற்றைப் பாருங்கள்.

கடைசியாக எந்தப் பதிப்பு என்ற கேள்வி, இதுதான் புதியவர்களை அதிகம் குழப்புவது. இரண்டு தரப்பு தனித்தனியாக வெளியிடுகிறது. ஓபன்ஃபோம் ஃபவுண்டேஷன் வெளியிடுவது 11, 12, 13 என்று எண்ணில் வரும். இஎஸ்ஐ என்ற பெயரில் அறியப்படும் மறு தரப்பு வெளியிடுவது 2406, 2412 என்று வருஷமும் மாதமும் சேர்ந்து, ஜூனிலும் டிசம்பரிலும் வரும். பெயர் ஒன்று, வேர் ஒன்று, ஆனால் ஒன்றுக்கு எழுதிய கேஸ் மற்றொன்றில் அப்படியே ஓடாது. ஃபவுண்டேஷன் பக்கம் கோப்புகளின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள், 11லிருந்து தனித்தனி சால்வர்களில் பெரும்பாலானவற்றையும் எடுத்துவிட்டு ஃபோம்ரன் என்ற ஒரே கட்டளைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் இணையத்தில் கிடக்கும் பழைய பாடங்களில் பாதி அங்கே இடறும். பழைய பாடங்களைப் பார்த்துத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இஎஸ்ஐ பதிப்பை எடுங்கள், சிம்பிள்ஃபோமும் பிம்பிள்ஃபோமும் அதே பெயரில் அங்கே இன்னும் இருக்கின்றன. சொந்தமாகச் சால்வர் எழுதும் எண்ணம் இருந்தால் ஃபவுண்டேஷன் பதிப்பு கொஞ்சம் சுத்தமாகத் தெரிகிறது எனக்கு. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுன்டு போட்டு நிறுவிக்கொள்ளலாம், கேஸ் ஃபோல்டரை மட்டும் சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கமே வையுங்கள், இல்லையென்றால் கோப்பு எழுதுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.